நமக்கு வெர்சேல்ஸ் இல்லையாம்

தமிழில் நவீனத்துவம் ஏன் ஆழமாக வேர்பிடிக்கவில்லை என்ற கேள்விக்கு நம் இலக்கியக் கூட்டங்களில் ஒரு பதில் எப்போதும் தயாராக இருக்கிறது. ஐரோப்பியனுக்கு ஒரு மகாயுத்தம் இருந்தது. யுத்தத்தின் முடிவில் வெர்சேல்ஸ் இருந்தது. சாம்ராஜ்யங்கள் உடைந்தன, தேசப்படம் கிழிந்தது, மனிதன் தன் ஊரிலேயே அன்னியனானான். ஆகவே அவன் கவிதையும் உடைந்தது. நமக்கு அப்படி எதுவும் நேரவில்லை. ஆகவே நம் உடைந்த வரிகள் கடன் வாங்கியவை. மரபுவாதிகள் இதைக் குற்றச்சாட்டாகச் சொல்கிறார்கள். நவீனக் கவிஞர்கள் இதையே ஒருவிதத் தாழ்வு மனப்பான்மையோடு ஒப்புக்கொள்கிறார்கள். இரண்டு தரப்பும் ஒரே அறியாமையைப் பங்கு போட்டுக்கொண்டிருக்கின்றன என்பது என் கட்சி.

முதலில் தகவலைச் சரிசெய்துவிடுவோம். 1919 ஜூன் 28-ந் தேதி வெர்சேல்ஸில் கையெழுத்திட்ட தரப்புகளில் இந்தியாவும் ஒன்று. அதன் சார்பில் பேனாவை எடுத்தவர்கள் இரண்டு பேர்: பிரிட்டிஷ் மந்திரி சபையின் இந்தியா மந்திரி எட்வின் மாண்டேகு, பிகானீர் மகாராஜா கங்கா சிங். தன்னைத் தானே ஆளாத ஒரு தேசம் இப்படியாகச் சர்வதேச சங்கத்தின் ஸ்தாபக அங்கத்தினர்களில் ஒன்றாயிற்று. அந்தக் கையெழுத்துக்கு இரண்டரை மாதம் முன்புதான், ஏப்ரல் 13-ந் தேதி, ஜாலியன்வாலாபாக் நடந்திருந்தது. ஆக, வெர்சேல்ஸ் நமக்கு இல்லை என்பது பொய். அங்கே நாம் கையெழுத்தாக இருந்தோம், ஆளாக இல்லை. 'அன்னியமாதல்' என்ற சொல்லுக்கு இதைவிட நல்ல உதாரணம் எந்த ஐரோப்பியன் கையிலும் கிடையாது. அதை நாம் உபயோகிக்கவில்லை என்பது வேறு விஷயம்.

அந்த யுத்தம் நமக்கு ஒரு சொல்லைக் கொடுத்தது. 1914 செப்டம்பர் 22 இரவு எம்டன் என்ற ஜெர்மன் கப்பல் சென்னைத் துறைமுகத்தின் எண்ணெய்த் தொட்டிகளைச் சுட்டுவிட்டுப் போயிற்று. அன்றிலிருந்து எதற்கும் துணிந்தவன் நம் பேச்சில் 'எம்டன்' ஆனான். யுத்தத்திலிருந்து ஒரு சொல்லை எடுத்துக்கொண்ட பாஷை, அதை முடித்த சமாதானத்திலிருந்து ஒன்றையும் எடுத்துக்கொள்ளவில்லை. என் புகார் இங்கேதான் ஆரம்பிக்கிறது. நாம் யுத்தத்தைப் பாடுகிறவர்கள், உடன்படிக்கையைப் படிக்காதவர்கள்.

எலியட்டை எடுத்துக்கொள்ளுங்கள். 1922-ல் வந்த அவருடைய 'பாழ்நில'த்தின் பெயரைச் சொல்லாத சிறுபத்திரிகைக்காரன் தமிழில் அபூர்வம். அவர் லாயிட்ஸ் வங்கியில் வேலை பார்த்தார் என்பதும் எல்லோருக்கும் தெரியும். என்னைப் போன்ற வங்கிக் குமாஸ்தா யாராவது விமர்சனம் எழுத வந்தால் முதுகில் தட்டி அதை ஞாபகப்படுத்துவார்கள். ஆனால் அங்கே அவர் என்ன வேலை செய்தார் என்று கேட்டால் பதில் வராது. யுத்தத்துக்கு முன் ஜெர்மானியர்களுக்கும் அந்த வங்கிக்கும் இடையே இருந்த கடன் கணக்குகளைத் தீர்த்துவைப்பது 1920 வாக்கில் அவர் தலையில் விழுந்த வேலை. அதற்காக வெர்சேல்ஸ் உடன்படிக்கையின் சிக்கலான ஷரத்துகளை அவர் உட்கார்ந்து படிக்கவேண்டியிருந்தது. ஒரு யுகத்தின் சிதைவை அவர் ஆகாயத்தில் பார்க்கவில்லை, பேரேட்டில் பார்த்தார். நாம் அவருடைய வறட்சியை இறக்குமதி செய்துகொண்டோம். அவர் மேசை மேல் கிடந்த காகிதத்தை விட்டுவிட்டோம். இறக்குமதி செய்யத் தேவையும் இல்லை. நமக்குச் சொந்தத்திலேயே அப்படிப்பட்ட காகிதம் இருந்தது, வெர்சேல்ஸுக்கு ஒன்றரை நூற்றாண்டு முன்பே.

1746-ல் பிரெஞ்சுக்காரர்கள் சென்னையைப் பிடித்தார்கள். அது தன் ஆட்சிக்குட்பட்ட மண் என்று ஆற்காட்டு நவாப் அன்வாருதீன் படை அனுப்பி, அடையாற்றங்கரையில் தோற்றார். இரண்டு வருஷம் கழித்து, 1748-ல், எக்ஸ்-லா-ஷாப்பேல் என்ற ஐரோப்பிய ஊரில் ஆஸ்திரிய வாரிசுரிமை யுத்தத்துக்கு முடிவு கட்டினார்கள். பிடித்ததைத் திருப்பிக் கொடுத்துவிடுவது என்று ஏற்பாடு. கனடாவின் கிழக்குக் கரையில் இங்கிலாந்து பிடித்திருந்த லூயிபூர் கோட்டை பிரான்ஸுக்கு. பதிலாகச் சென்னை இங்கிலாந்துக்கு. 1749-ல் ஊர் கைமாறியது. மீன் பிடிக்கும் ஒரு பனித் தீவும் துணி நெய்யும் ஒரு வெயில் கரையும் ஒரே தராசில் வைக்கப்பட்டு எடை சரியாக இருப்பதாகத் தீர்மானிக்கப்பட்டது. இதை ஒரு நவீன கவிஞன் கற்பனை செய்திருந்தால் படிமம் வலிந்து செய்யப்பட்டிருக்கிறது என்று நாம் எழுதியிருப்போம்.

ஆனால் அது வெறும் பண்டமாற்று. உண்மையான காரியம் அடுத்த யுத்தத்துக்குப் பிறகு நடந்தது. ஏழாண்டு யுத்தத்தின் தமிழ்நாட்டு அத்தியாயம் பள்ளிக்கூடப் பாடத்தில் இருக்கிறது: 1760 ஜனவரியில் வந்தவாசி, 1761 ஜனவரியில் புதுச்சேரியின் சரணாகதி, அதன்பின் அந்த நகரம் தரைமட்டமாக்கப்பட்டது. பாடம் அங்கே நின்றுவிடுகிறது. ஆங்கிலேயர் ஜெயித்தார்கள், பிரெஞ்சுக்காரர் தோற்றார்கள், இரண்டு மதிப்பெண். 1763 பிப்ரவரி 10-ந் தேதி பாரிஸில் கையெழுத்தான உடன்படிக்கையின் பதினோராவது ஷரத்தை நம் வகுப்பறைகளில் யாரும் வாசித்துக் காட்டியதில்லை. கனடாவை வேறு ஷரத்துகளில் பேசிவிட்டு இந்தியாவுக்கு வருகிறது அது. ஒரு கவிதையை வாசிக்கிற நிதானத்தோடு அதை வாசிக்கவேண்டும் என்பதால் அதன் சாரத்தை வரிசையாகச் சொல்கிறேன்.

ஒன்று, 1749-ன் ஆரம்பத்தில் பிரான்ஸின் வசம் இருந்த வர்த்தகத் தலங்கள் அதற்குத் திருப்பித் தரப்படும். அதற்குப் பின் சேர்த்ததையெல்லாம் பிரான்ஸ் விட்டுவிடவேண்டும். இரண்டு, வங்காளத்தில் பிரான்ஸ் கோட்டை கட்டவோ படை வைக்கவோ கூடாது. மூன்று, சோழமண்டலக் கரையில் வருங்கால அமைதியைக் காப்பாற்றும்பொருட்டு, முகமது அலியைக் கர்நாடகத்தின் சட்டபூர்வமான நவாபாகவும் சலாபத் ஜங்கைத் தக்காணத்தின் சட்டபூர்வமான சுபேதாராகவும் இரு தரப்பும் ஏற்றுக்கொள்ளும். நான்கு, யுத்தத்தின்போது நடந்த சூறையாடலுக்கும் கொள்ளைக்கும் நஷ்டஈடு கேட்கும் உரிமையை, ஒருவர் மேல் ஒருவருக்கும் ஒருவரின் இந்தியக் கூட்டாளிகள் மேல் மற்றவருக்கும் இருப்பதை, இரு தரப்பும் கைவிடுகின்றன.

முதல் இரண்டும் எல்லைக்கோட்டைப் பற்றியவை. சரித்திரப் புத்தகங்களில் வண்ணம் தீட்டிக் காட்டுவது இவற்றைத்தான். உடன்படிக்கை என்றால் கோடு போடுவது என்று நாம் நினைத்துக்கொண்டிருக்கிறோம். வங்கிக் கவுண்ட்டருக்குப் பின்னால் உட்கார்ந்திருக்கிறவனுக்கு மூன்றாவதும் நான்காவதும்தான் கண்ணில் படும். கோடு யாருடைய நிலம் எங்கே முடிகிறது என்று சொல்கிறது. மூன்றாவது வாசகம் யார் கையெழுத்துப் போட்டால் செல்லும் என்று சொல்கிறது. நான்காவது வாசகம் எந்தப் பாக்கி தள்ளுபடியாயிற்று என்று சொல்கிறது. கணக்கு யார் பெயரில் இருக்கிறது, வாராக்கடன் யார் தலையில் எழுதப்பட்டது என்ற இரண்டும் தெரிந்துவிட்டால் மனையின் நாலெல்லை தானாகத் தெரிந்துவிடும்.

'சட்டபூர்வமான' என்ற அந்த ஒரு சொல்லைப் பாருங்கள். எந்தச் சட்டம்? நவாபை நியமிப்பது தக்காண சுபேதாரின் அதிகாரம். சுபேதாரை நியமிப்பது டெல்லி பாதுஷாவின் அதிகாரம். இங்கே இரண்டு ஐரோப்பிய ராஜாக்கள், தங்களுக்கு எந்தப் பாத்தியதையும் இல்லாத ஒரு ராஜ்யத்துக்குப் பட்டயம் எழுதிக் கொடுக்கிறார்கள். பாதுஷா ஷா ஆலமின் ஃபர்மான் முகமது அலிக்கு வந்தது 1765-ல். பாரிஸின் ஷரத்துக்கு இரண்டு வருஷம் பின்னால். பாதுஷா வழிமொழிந்தார் என்று வேண்டுமானால் சொல்லிக்கொள்ளலாம்.

சலாபத் ஜங்கின் கதை இன்னும் விசேஷம். பாரிஸில் அவரைத் தக்காணத்தின் சட்டபூர்வமான சுபேதார் என்று எழுதிக் கையெழுத்திட்டபோது அவர் சுபேதாராகவே இல்லை. 1762-லேயே அவர் தம்பி நிஜாம் அலி அவரை இறக்கிவிட்டுப் பீதர் கோட்டையில் அடைத்துவிட்டார். கப்பல் செய்தி மெதுவாகப் போகிற காலம். உடன்படிக்கை கையெழுத்தான அதே 1763-ல் அந்தச் சிறையிலேயே அவர் முடிந்துபோனார். உலகத்தின் இரண்டு பெரிய வல்லரசுகள் அங்கீகரித்த அரசன், பூட்டிய அறைக்குள். நாம் காஃப்காவை மொழிபெயர்த்து, முன்னுரை எழுதி, மொழிபெயர்ப்பு சரியில்லை என்று சண்டையும் போட்டுவிட்டோம். பீதர் சிறைக்குள் எந்தத் தமிழ்ச் சிறுகதையும் எட்டிப்பார்த்ததாகத் தெரியவில்லை.

அங்கீகாரம் என்றால் என்ன என்பதற்கு விடை தேட நான் ஹைதராபாத்துக்குப் போகவேண்டியதில்லை. நான் இதை எழுதுகிற வரதராஜன்பேட்டை பழைய உடையார்பாளையம் தாலுகாவைச் சேர்ந்தது. உடையார்பாளையத்திலும் அரியலூரிலும் பாளையக்காரர்கள் இருந்தார்கள். நவாப் முகமது அலி அவர்களிடம் பேஷ்குஷ் பாக்கி கேட்டார். பாக்கி என்ற சொல்லுக்கு ஒரு தன்மை உண்டு. கேட்கிறவனுக்குக் கேட்கும் உரிமை இருக்கிறது என்று ஏற்கெனவே யாரோ ஒப்புக்கொண்டிருந்தால்தான் அது பாக்கி, இல்லாவிட்டால் கொள்ளை. 1765-ல் நவாபின் மகன் உம்தத்-உல்-உமரா தலைமையில் கம்பெனிப் படையின் துணையோடு இரண்டு பாளையங்களும் பிடிக்கப்பட்டன. பாரிஸில் மை காய்ந்து இரண்டு வருஷம்கூட ஆகவில்லை.

பாளையக்காரர்கள் எங்கே ஓடினார்கள் என்பது கவனிக்கவேண்டிய விஷயம். தரங்கம்பாடிக்கு. தரங்கம்பாடி டென்மார்க்கின் வசம் இருந்தது. டென்மார்க் ஏழாண்டு யுத்தத்தில் சேராமல் ஒதுங்கி நின்ற தேசம். ஆகவே பாரிஸ் உடன்படிக்கையில் அது கட்சியில்லை. முகமது அலியை யாரும் எதற்கும் ஏற்றுக்கொள்ளவேண்டும் என்று எழுதப்படாத ஒரு துண்டு மண் அந்தக் கரையில் மிச்சமிருந்தது. அவர்கள் உடன்படிக்கையைப் படித்துவிட்டா அங்கே போனார்கள் என்று கேட்கலாம். படித்திருக்க மாட்டார்கள். ஆனால் அதன் விளிம்பு எங்கே முடிகிறது என்பது அவர்களுடைய காலுக்குத் தெரிந்திருக்கிறது. நம் எழுத்தாளர்களின் கைக்குத் தெரியாதது அவர்கள் காலுக்குத் தெரிந்திருக்கிறது.

நம் இலக்கிய ஞாபகத்தில் உடையார்பாளையம் என்னவாக இருக்கிறது? கனம் கிருஷ்ணையர் பாடிய சமஸ்தானமாக, உ.வே. சாமிநாதையரின் தகப்பனார் சங்கீதம் கற்ற இடமாக இருக்கிறது. இரண்டும் உண்மை, இரண்டும் மதிக்கத்தக்கவை. ஆனால் அந்த சங்கீதத்துக்கு முந்தின தலைமுறை, யாரோ எங்கோ எழுதிய ஒரு சொல்லின் பேரில் ஊரைவிட்டுத் துரத்தப்பட்டது என்பதற்கு நம்மிடம் ஒரு பக்கம்கூட இல்லை.

பாளையங்களோடு இது நிற்கவில்லை. மதுரையைத் தன் பொறுப்பில் நிர்வகித்துவந்த யூசுப்கான், 1763-ல் நவாபையும் கம்பெனியையும் எதிர்த்துப் பிரெஞ்சுக் கொடியை ஏற்றினார். எந்த பிரான்ஸின் கொடி? அவர் எதிர்த்த நவாபையே சட்டபூர்வமானவர் என்று எழுதிக் கொடுத்துவிட்ட பிரான்ஸின் கொடி. 1764 அக்டோபரில் அவர் தூக்கிலிடப்பட்டார். 1772-ல் ராமநாதபுரமும் சிவகங்கையும் விழுந்தன. 1773-ல் தஞ்சாவூரையே நவாப் கம்பெனிப் படையைக்கொண்டு எடுத்துக்கொண்டார். 1776-ல்தான் ராஜாவுக்கு அது திரும்பக் கிடைத்தது.

இந்தப் படையெடுப்புகளுக்கெல்லாம் யார் பணம் கொடுத்தது? இங்கேதான் ஷரத்தின் முழு அர்த்தம் விளங்குகிறது. நவாபிடம் அங்கீகாரம் இருந்தது, ரொக்கம் இல்லை. கம்பெனியின் ஊழியர்கள் அவருக்குத் தனிப்பட்ட முறையில் கடன் கொடுத்தார்கள்; அவர் வருங்கால வரி வசூலை அடமானம் வைத்தார். வரி போதாவிட்டால் இன்னொரு பாளையம், இன்னொரு ராஜ்யம். பால் பென்ஃபீல்ட் என்ற ஒரு கீழ்நிலை உத்தியோகஸ்தன் தஞ்சாவூர் விளைச்சலின் மேலும் அங்கே உள்ள தனி நபர்கள் மேலும் தனக்கு 2,34,000 பவுன் வரவேண்டும் என்று உரிமை கொண்டாடினான். ஆற்காட்டு நவாபின் கடன்கள் பற்றி எட்மண்ட் பர்க் 1785-ல் பிரிட்டிஷ் பாராளுமன்றத்தில் பேசிய பேச்சு ஆங்கில வசனத்தின் சிகரங்களில் ஒன்று. என்னைப் போல ஆங்கில இலக்கியம் பி.ஏ. படித்தவர்கள் பர்க்கின் வாக்கிய அமைப்பை மெச்சக் கற்றுக்கொண்டார்கள். அந்த வாக்கியங்களில் வருகிற பயிர் காவிரிப் பாசனத்தில் விளைந்த நெல் என்பதை யாரும் சொல்லித் தரவில்லை.

கடன் கடைசியில் என்ன செய்யுமோ அதைச் செய்தது. நவாப் வசூல் உரிமையைத் துண்டு துண்டாகக் கம்பெனிக்கு எழுதிக் கொடுத்தார். 1792 உடன்படிக்கையில் பாளையக்காரர்களிடம் பேஷ்குஷ் வசூலிக்கும் பொறுப்பு கம்பெனிக்குப் போயிற்று. 1801 ஜூலை 31-ல் கர்நாடகமே போயிற்று. நவாபின் பேரன் தலைமுறைக்கு வருமானத்தில் ஐந்தில் ஒரு பங்கும் ஒரு பட்டமும் மிஞ்சின. 1763-ல் திறந்த கணக்கு 1801-ல் மூடப்பட்டது.

இதற்கு ஒரு ஆட்சேபம் வரும், வரட்டும். முகமது அலியை நவாபாக்கியது துப்பாக்கிதானே, காகிதம் என்ன செய்தது என்று கேட்பார்கள். துப்பாக்கி ஊரைப் பிடிக்கும். ஆனால் பிடித்த ஊரில் அடுத்த வருஷமும் அதற்கடுத்த வருஷமும் வரி கேட்க ஒரு பெயர் வேண்டும். கம்பெனி தன் பெயரில் கேட்க 1763-ல் தயாராக இல்லை. நவாபின் பெயரில் கேட்டது. ஜாமீன் கையெழுத்து வாங்குகிற கடன்காரன் ஜாமீன்தாரர் பலசாலியா என்று பார்ப்பதில்லை. பெயர் செல்லுமா என்று பார்க்கிறான். துப்பாக்கி மட்டும் போதும் என்றால் ஜெயித்தவர்கள் ஏன் பாரிஸில் போய் உட்கார்ந்து ஒவ்வொரு சொல்லுக்கும் பேரம் பேசினார்கள் என்று வாசகர் யோசிக்கட்டும்.

இப்போது நம் இலக்கியத்துக்கும் சினிமாவுக்கும் வருவோம். 1959-ல் வந்த 'வீரபாண்டிய கட்டபொம்மன்' படத்தில் வரி கேட்க வந்த ஜாக்சனிடம் கட்டபொம்மன் பேசுகிற வசனம் தமிழ்நாட்டில் குழந்தைகளுக்குக்கூடத் தெரியும். எந்த உரிமையில் கேட்கிறாய் என்பதே அந்த வசனத்தின் சாரம். கொட்டகை கைதட்டியது, இன்றும் பள்ளி ஆண்டுவிழாக்களில் கைதட்டுகிறோம். அந்தக் கேள்விக்கு ஒரு பதில் உண்டு என்பதும், அந்தப் பதிலுக்கு 1763, 1792 என்று தேதிகள் உண்டு என்பதும் கைதட்டலில் மூழ்கிப்போகிறது. கேள்வியைக் கேள்வியாகக் கேட்டிருந்தால் ஜாக்சன் தன் சட்டைப் பையிலிருந்து ஒரு காகிதத்தை எடுத்து நீட்டியிருப்பான். அதன்பின் நாடகம் உண்மையாகவே ஆரம்பமாகியிருக்கும். நமக்கு அந்த நாடகம் வேண்டாம். ஒரு பக்கம் வீரன், மறுபக்கம் எட்டப்பன், நடுவில் தூக்குமரம். சரித்திரத்தைக் குணச்சித்திரமாகச் சுருக்கிவிட்டால் பொறுப்பு முழுவதையும் ஒரு துரோகியின் தலையில் வைத்துவிட்டு நிம்மதியாக வீட்டுக்குப் போகலாம். வியாபாரப் பத்திரிகைகளின் சரித்திரத் தொடர்கதைகள் தலைமுறை தலைமுறையாக நமக்கு ஊட்டி வளர்த்தது இந்த நிம்மதியைத்தான். குதிரைக் குளம்பொலி, ஒற்றன், சுரங்கப்பாதை, ஓலை. ஓலையில் என்ன எழுதியிருக்கிறது என்பது மட்டும் ஒருபோதும் முக்கியமில்லை. அது யார் கைக்குப் போகிறது என்பதே சஸ்பென்ஸ்.

வியாபாரிகளைத் திட்டுவது சுலபம். நம்மவர்கள் என்ன செய்தார்கள்? சரித்திரமும் அரசியலும் இலக்கியத்துக்குப் புறம்பான சரக்கு, சொந்த அனுபவமே கவிதை என்று ஒதுங்கினார்கள். அனுபவம் என்று அவர்கள் சொல்வது என்ன? ஜன்னல், மழை, காலி நாற்காலி. அந்த ஜன்னல் எந்த ஆட்சி எல்லைக்குள் இருக்கிறது என்பதும் அனுபவம்தான். காரைக்காலுக்குப் பஸ்ஸில் போகிறவனைக் கேளுங்கள். நடுவழியில் பெட்ரோல் விலையும் சாராயக் கடைகளின் தொகையும் போலீஸ்காரன் தொப்பியும் மாறுகின்றன. ஏன் மாறுகின்றன? 1763-ல் திருப்பித் தரப்பட்டதால். அடுத்தடுத்த யுத்தங்களில் மறுபடி பிடிக்கப்பட்டு, நெப்போலியன் முதன்முறை விழுந்தபின் 1814 பாரிஸ் உடன்படிக்கையின்படி, கோட்டை கட்டக்கூடாது என்ற நிபந்தனையோடு, மறுபடியும் திருப்பித் தரப்பட்டதால். 1954 நவம்பர் 1-ல் நிர்வாகம் இந்தியாவிடம் வந்தது. சட்டப்படியான உரிமை மாற்றம் 1962-ல்தான் முடிந்தது. தமிழ்நாட்டுக் கரையில் புதுச்சேரியும் காரைக்காலும், கேரளக் கரையில் மாஹேயும், ஆந்திரத்தில் ஏனாமும் சேர்ந்து ஒரே சட்டசபைக்கு ஓட்டுப் போடுகிற விசித்திரம் எந்த மொழிவாரி நியாயத்திலிருந்தும் பிறந்ததல்ல. பதினோராவது ஷரத்தின் நிழல் அது, இன்றும் விழுந்துகொண்டிருக்கிறது.

கடலுக்குள்ளும் விழுகிறது. நமக்கும் ஈழத்துக்கும் நடுவே கிடக்கிற நீருக்குப் பெயர் பாக் நீரிணை. ராபர்ட் பாக் 1763 முதல் 1767 வரை சென்னையின் கவர்னர். உடையார்பாளையம் பிடிக்கப்பட்டபோது கோட்டையில் உட்கார்ந்திருந்தவர் அவரே. அந்த நீரின் மறுகரையை 1796-ல் ஆங்கிலேயர் டச்சுக்காரர்களிடமிருந்து எடுத்தபோது முதலில் சென்னையிலிருந்துதான் ஆண்டார்கள். 1802-ல் பிரான்ஸோடு ஆமியாங்கில் சமாதானம் செய்துகொண்டபோது, இலங்கையின் டச்சுப் பகுதிகள் பிரிட்டனுக்கு என்று எழுதப்பட்டது. இலங்கை கம்பெனியின் கையிலிருந்து விலகி மன்னரின் நேரடிக் காலனியாயிற்று; சென்னை வேறு, கொழும்பு வேறு என்று ஆயிற்று. யாழ்ப்பாணத்தானும் நாகப்பட்டினத்தானும் வெவ்வேறு தலைநகரங்களுக்கு மனு எழுதும்படி ஆனது எந்தச் சோழனின் தவறாலும் அல்ல. ஐரோப்பாவில் பதினாலு மாதம்கூடத் தாங்காத ஒரு சமாதானம் இங்கே நிரந்தரமாகத் தங்கிவிட்டது.

நம் காலத்துக்கு வந்தால் இந்தப் பேச்சு கசக்கும். 1987 ஜூலை 29-ல் கொழும்பில் ராஜீவ் காந்தியும் ஜெயவர்த்தனாவும் ஒரு உடன்படிக்கையில் கையெழுத்திட்டார்கள். யுத்தம் செய்துகொண்டிருந்தவர்களில் ஒரு தரப்பான போராளிகள் அதில் கையெழுத்துத் தரப்பு இல்லை. வடக்கும் கிழக்கும் ஒரே மாகாணமாக இணைக்கப்பட்டன. பின்னாளில் ஒரு வாக்கெடுப்பு உண்டு என்று எழுதப்பட்டது. வாக்கெடுப்பு நடக்கவே இல்லை. 2006-ல் அந்த நாட்டின் உச்ச நீதிமன்றம் இணைப்பு செல்லாது என்றது. அந்த உடன்படிக்கையைப் பற்றித் தமிழ்நாட்டில் எத்தனை மேடை, எத்தனை கவியரங்கம். அதன் வாசகத்தை எடுத்துவைத்துக்கொண்டு வரி வரியாகப் பேசிய இலக்கியக் கூட்டம் ஒன்றுக்கும் நான் போனதில்லை. ஆதரித்தவர்களும் படிக்கவில்லை, எதிர்த்தவர்களும் படிக்கவில்லை. உணர்ச்சி இருந்தது, வாசிப்பு இல்லை.

இதனால் உடன்படிக்கை என்பதே ஏமாற்று, கிழித்துப் போடு என்று நான் சொல்வதாக யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். அது இன்னொரு மேடைப் பேச்சு. 2009 மே மாதம் அந்த யுத்தம் எந்த உடன்படிக்கையும் இல்லாமல் முடிந்தது. கையெழுத்து இல்லை, ஷரத்து இல்லை, யாருக்கு என்ன பாக்கி என்று ஒரு வரி இல்லை. காணாமற்போன பிள்ளைகளின் படத்தை வைத்துக்கொண்டு வருஷக்கணக்காகத் தெருவில் உட்கார்ந்திருக்கிற தாய்மார்களுக்கு, இதை நீ எழுதிக் கொடுத்தாயே என்று சுட்டிக்காட்ட ஒரு காகிதம் கிடையாது. மிஞ்சியிருப்பது 1987-ன் பயனாக வந்த பதின்மூன்றாவது திருத்தம்தான். அதை அமல்படுத்து என்று கேட்கத்தான் வழி இருக்கிறது. மோசமான உடன்படிக்கையில்கூட விரல் வைத்துக் காட்ட ஒரு வரி இருக்கும். ஆகவேதான் படிக்கச் சொல்கிறேன். படிக்காதவனுக்கு நல்ல காகிதமும் கெட்ட காகிதமும் ஒன்று.

நான் ஊரைவிட்டு நகராமலே திருச்சி, பெரம்பலூர், அரியலூர், மறுபடி பெரம்பலூர், மறுபடி அரியலூர் என்று 2007-க்குள் என் ஜில்லா மாறியிருக்கிறது. முந்திரித் தோப்புக்காரரின் பட்டாவும் கடனும் அப்படியே இருந்தன. மேல்விலாசம் மட்டும் மாறிற்று. கோடு மாறுவது அவ்வளவு பெரிய விஷயமில்லை என்பதற்கு இதைச் சொல்கிறேன். யார் பெயரில் கேட்கப்படும், யாரிடம் கேட்கப்படாது என்று மாறுவது பெரிய விஷயம். யுத்தம் முடிந்த மறுநாள் மாறுவது அது. மையால் மாறுவதால் சத்தம் கேட்பதில்லை. சத்தம் கேட்காததைக் கேட்பதற்குத்தான் இலக்கியம் என்று நாம் பீற்றிக்கொள்கிறோம்.

உடன்படிக்கையைப் பற்றிக் கவிதை எழுதுங்கள் என்று நான் யாருக்கும் பாடத்திட்டம் போடவில்லை. அப்படி எழுதப்படுகிறவை பெரும்பாலும் குப்பையாகத்தான் இருக்கும். நான் கேட்பது மிகச் சின்ன விஷயம். ஒரு சொல்லுக்காக ராத்திரி முழுக்க முழித்திருப்பதாகச் சொல்லிக்கொள்கிறவர்கள், 'சட்டபூர்வமான' என்ற சொல்லுக்காக ஒரு மணி நேரம் முழித்திருக்கலாம். பதினோராவது ஷரத்தின் கடைசி வாசகத்தை மறுபடி ஞாபகப்படுத்துகிறேன்: நடந்த கொள்ளைக்கு யாரும் யாரையும் கேட்பதில்லை. கொள்ளை போன வீடு யாருடையது என்று அங்கே எழுதியிருக்கவில்லை. வந்தவாசியிலும் ஆற்காட்டிலும் காவிரிக் கரையிலும் அந்த வீடுகள் இருந்தன. அந்தப் பாக்கியைத் தள்ளுபடி செய்தவர்களில் அந்த வீட்டுக்காரர்கள் இல்லை. நாமும் அதைக் கேட்காமல் இருந்துகொண்டு, நமக்கு ஒன்றுமே நேரவில்லை, ஆகவே நவீனத்துவம் நமக்கு அன்னியம் என்று எழுதிக்கொண்டிருந்தால், அந்தத் தள்ளுபடியில் இன்னொரு கையெழுத்துப் போடுகிறோம் என்று அர்த்தம்.